கெண்டை ஏற்றத்துக்கு முறை வைத்த ஆள்காட்டி

குமிழியாற்றின் நடுவில் ஒரு கூழாங்கல் மேடு இருந்தது. அந்த மேட்டில் பொன்காலி என்ற ஆள்காட்டிப் பறவையும் அவள் கணவன் கருமார்பனும் குடியிருந்தார்கள். பொன்காலிக்கு அந்தக் காட்டில் ஒரு பதவி உண்டு. ஆற்றுக்கு முறை வைப்பவள் அவள்தான். பதவி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ஆடி மாதம் புதுவெள்ளம் வந்ததும் கீழே உள்ள பெரிய ஏரியிலிருந்து சினைக் கெண்டைகள் ஆற்றை எதிர்த்து ஏறும். மலையடிவாரத்தில் தலைமடு என்று ஓர் ஆழமான மடு இருக்கிறது. அங்கே போய் முட்டையிடும். மேட்டைத் தாண்டி இப்படி மீன் ஏறுவது பதினான்கு நாள்தான். அதற்குப் பிறகு வருஷம் முழுக்கத் தண்ணீரைத் துழாவினாலும் அப்படி மீன் கிடைக்காது.

மேட்டுக்குச் சற்றுக் கீழே, பாறைத்துறையில் நீர்நாய்கள் இருந்தன. வெகுதூரம் மேலே, தலைமடுக் கரையில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனைகள் இருந்தன. கீழே இருப்பவர்கள் வரிசையாக நின்று அள்ளிவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஆறு வருஷத்துக்கு முன் பூனைகள் கூட்டமாக இறங்கி வந்து கேட்டன. கேள்வி சண்டையானது. இரண்டு நீர்நாய்களும் மூன்று பூனைகளும் செத்த பிறகுதான் இரண்டு கட்சிக்கும் புத்தி வந்தது.

நடுவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். நாரையைக் கேட்கலாமா? நாரை மீன் தின்னும். நீர்க்காகம்? அதுவும் தின்னும். முதலை தானாகவே முன்வந்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் தின்னாத ஆள்தான் சரி என்று முடிவானது. பொன்காலி புழு பூச்சி தின்பவள். மேட்டின் நடுவிலேயே வேறு இருந்தாள். அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

"முதல் ஏழு நாள் கீழாற்றுக்கு, அடுத்த ஏழு நாள் மேலாற்றுக்கு" என்றாள் பொன்காலி. ஏழும் ஏழும் பதினான்கு. இதில் யார் என்ன சொல்ல முடியும்? எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவளுக்குக் கூலி என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாக்கு கொடுத்தார்கள். மேட்டில் அவள் இடுகிற முட்டையை நீர்நாயும் தொடாது, பூனையும் தொடாது. உடும்பு கிடும்பு வந்தால் பக்கத்தில் இருக்கிற நீர்நாய்கள் விரட்டிவிடும். தரையில் முட்டையிடும் பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தினமும் விடியற்காலையில் பொன்காலி கூவுவாள். நீளமாக ஒரு கூவல் என்றால் கீழாற்று முறை. இரண்டு கூவல் என்றால் மேலாற்று முறை. வழியில் இருக்கிற மைனாக்கள் அதைக் கேட்டு ஒன்றுக்கொன்று சொல்லித் தலைமடுவரை கடத்திவிடும்.

ஆறு வருஷம் இப்படிப் போனது. ஆறு வருஷமும் பூனைகள் குறை சொல்லின. "எங்க முறையில மீன் வரல" என்று சொல்லும். "ஏழு நாள் அவங்களுக்கு, ஏழு நாள் உங்களுக்கு, இதுல என்ன குறை?" என்பாள் பொன்காலி. முதல் வருஷம் பொறுமையாகச் சொன்னாள். மூன்றாம் வருஷம் அலுப்போடு சொன்னாள். ஆறாம் வருஷம் பூனை வருகிறது என்று தெரிந்தாலே பறந்துபோய் அக்கரையில் உட்கார்ந்துகொண்டாள். பூனை என்றாலே குறை சொல்லும் என்று அவளுக்குள் ஒரு தீர்மானம் ஆகிவிட்டது.

ஏழாம் வருஷம் ஆடி வந்தது. பொன்காலி நான்கு முட்டை இட்டிருந்தாள். ஏற்றம் தொடங்கியது. நீர்நாய்களின் முறை தொடங்கியது. நாலாம் நாள் நீர்நாய்த் தலைவன் தடிவாலன் ஒரு பெரிய சினைக் கெண்டையைக் கவ்வினான். அது துள்ளித் திமிறிப் பாதி வாலை அவன் வாயிலேயே விட்டுவிட்டு, பொன்காலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டைத் தாண்டி ஓடியது. தடிவாலன் அன்று முழுவதும் அந்த மீனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

ஏழு நாள் முடிந்ததும் நீர்நாய்கள் சொன்ன சொல் தவறாமல் கரையேறி வெயில் காய்ந்தன. பொன்காலி இரண்டு கூவல் கூவினாள். பூனைகளின் முறை தொடங்கியது.

அந்த முறையில் மூன்றாம் நாள், அதாவது ஏற்றத்தின் பத்தாம் நாள், சாயங்காலம் புள்ளிச்சி என்ற தாய்ப்பூனை மேட்டுக்கு எதிரே வந்து நின்றது. விடியலில் கிளம்பி ஒரு பகல் முழுக்க நடந்து வந்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. பொன்காலி முட்டைமேல் இருந்ததால் இந்தத் தடவை பறந்து தப்பிக்க முடியவில்லை.

"என்ன புள்ளிச்சி, முறை நடக்குற நேரத்துல இங்க என்ன வேலை?"

"முறையில மீன் இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

"வருஷா வருஷம் இதே பாட்டா?"

"இதே பாட்டுதான். கேக்கத்தான் ஆள் இல்ல" என்றது புள்ளிச்சி. அதன் குரலில் கோபம்கூட இல்லை. "இந்த வருஷம் மூணு குட்டி போட்டேன். ஒண்ணு இருக்கு."

பொன்காலி தன் முட்டைகளை இன்னும் அணைத்துக்கொண்டாள்.

"சண்டைக்கு வரல, ஆள்காட்டியம்மா. நாங்க மலைக்கு அந்தப் பக்கம் போயிடலாம்னு இருக்கோம். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். ஆறு வருஷமா எங்களுக்கு முறை வைக்கிறியே, ஒரு நாளாவது மேல வந்து பாத்தியா?"

பார்த்ததில்லை. ஒரு தடவைகூடப் போனதில்லை. ஏழும் ஏழும் சமம் என்பதைப் பார்க்கத் தலைமடுவுக்குப் போவானேன் என்று இருந்துவிட்டாள். இப்போது அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வர்றேன்" என்றாள்.

கருமார்பன் மறுநாள் காலையில் முட்டைமேல் மாறி உட்கார்ந்தான். "போயிட்டு வா. குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கு, அத மட்டும் மனசுல வச்சுக்க. பாக்குறத பாரு, எதையும் பேசி ஒத்துக்கிட்டு வராத" என்றான்.

பொன்காலி இரண்டு கூவல் கூவிவிட்டுப் பறந்தாள். வெயில் உறைக்கத் தொடங்குவதற்குள் தலைமடு வந்துவிட்டது. இவ்வளவுதானா தூரம் என்று அவளுக்குத் தோன்றியது.

மடுவுக்குள் தண்ணீர் நுழைகிற ஒடுக்கமான வாயில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து ஒரு மெலிந்த கெண்டை வந்தது. அதன் முதுகில் பல் தடம் இருந்தது. ஒரு பூனை அதை அடித்து எடுத்தது. அதை நாலு பேர் பிய்த்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு உச்சிவெயில்வரை தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பொன்காலிக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

உச்சிவெயில் சாயும்போது தண்ணீர் சற்று விலகியது. வயிறு நிறையச் சினையோடு ஒரு பெரிய கெண்டை தத்தித் தத்தி வந்தது. மிகவும் களைத்திருந்தது. ராத்திரி முழுக்க நடந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த புள்ளிச்சி, ஆழமில்லாத இடத்தில் அதன்மேல் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டது. மீனுக்குப் பாதி வால்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறு" என்றாள் பொன்காலி. "இந்த மீன எனக்குத் தெரியும். இது எங்க மேட்டத் தாண்டுனத நான் பாத்தேன்."

"நானும் உன்னப் பாத்தேன்" என்றாள் அரைவாலி. அந்த மீனை இனி அப்படியே அழைப்போம். "முட்டை மேல உக்காந்திருந்த. என் வாலு போனத வேடிக்கை பாத்த."

"அதுக்கப்புறம் எங்க போன? இவ்வளவு நாள் என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுவேன்? வந்துக்கிட்டே இருந்தேன்."

"அங்கருந்து இங்க வர்றதுக்கா?"

"வழியில ஏழு தடவை இருட்டுச்சு, ஏழு தடவை விடிஞ்சுச்சு" என்றாள் அரைவாலி. "வாலு போனதால இல்ல. எல்லாருக்கும் அவ்வளவுதான். மூணு இடத்துல தண்ணி மேலருந்து கொட்டுது. ஒவ்வொரு மடுவுலயும் மூச்சு வாங்கித்தான் அடுத்தத ஏற முடியும்."

"நான் காலையில கிளம்பி வெயிலுக்குள்ள வந்துட்டேனே."

"உனக்கு றெக்கை இருக்கு" என்றாள் அரைவாலி.

பொன்காலி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நீர்நாய் முறையின் நாலாம் நாள் மேட்டைத் தாண்டிய மீன், பூனை முறையின் நாலாம் நாள் இங்கே வந்து சேர்கிறது. அப்படியானால் பூனைகளுக்குக் கொடுத்த ஏழு நாளும் இங்கே வருவது எது? நீர்நாய்கள் ஏழு நாளும் அள்ளியது போகத் தப்பிய மிச்சம். நீர்நாய்கள் கரையேறிய பிறகு மேட்டை நிம்மதியாகத் தாண்டுகிறதே, அந்தக் கூட்டம் எப்போது இங்கே வருகிறது? பூனைகளின் முறை முடிந்த மறுநாள். பறப்பவள் போட்ட கணக்கில் நீந்துகிறவர்களின் தூரம் விட்டுப்போயிருந்தது.

புள்ளிச்சிக்கும் புரிந்துவிட்டது. "அதனாலதான் முறை முடிஞ்ச மறுநாளே மடு நெறைஞ்சு போகுது" என்றது. "ஏழு நாள் மீன் துள்ளும். நாங்க கரையில உக்காந்து பாத்துக்கிட்டிருப்போம்."

"ஒரு நாளும் கை வைக்கலயா?"

"முறை முடிஞ்சு போச்சே. எப்படி வைக்கிறது?"

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னோமே. முறை முடிஞ்சப்புறம்தான் மீன் வருதுன்னு ரெண்டாவது வருஷமே வந்து சொன்னேன். அப்ப அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடி வரும், போய்ட்டு வான்னு நீ சொன்ன."

பொன்காலிக்கு ஞாபகம் இருந்தது. அப்படித்தான் சொன்னாள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"சரி, போனது போகட்டும். எங்க முறைய ஏழு நாள் தள்ளி வச்சுடு. பதினஞ்சாம் நாள்லருந்து எங்களுக்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்றது புள்ளிச்சி.

"ஆமா, தள்ளி வச்சுடலாம்" என்று பொன்காலி வாயெடுத்தாள்.

பாதத்தின் அடியில் இருந்த அரைவாலி பேசினாள். "தாராளமா தள்ளி வை. இன்னும் மூணு வருஷத்துல நீங்க ரெண்டு கட்சியும் அடிச்சுக்க வேண்டியதே இருக்காது."

"ஏன்?"

"மீன் இருந்தாத்தானே அடிச்சுக்கணும்? எங்கள்ல முதல் பாதி கீழ அவங்க வாய்க்குப் போகுது. பின்னாடி வர்ற பாதிதான் இங்க வந்து முட்டை போடுது. ஏன் போட முடியுது? அந்த ஏழு நாளும் இவங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, அதனால. அந்தப் பாதியையும் இவங்களுக்குக் குடுத்துட்டா, முட்டைய யாரு போடுறது? நீ தப்பா கணக்குப் போட்டதாலதான் நாங்க இன்னும் இருக்கோம்."

பூனைக்குட்டி ஒன்று தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. தலை மட்டும் பெரிதாக இருந்தது, உடம்பு ஒன்றும் இல்லை.

"சாட்சி சொன்னவள விட்டுடுற வழக்கம் உங்ககிட்ட உண்டா?" என்று அரைவாலி கேட்டாள். பெரிய நம்பிக்கையோடு கேட்டதாகத் தெரியவில்லை.

புள்ளிச்சி பொன்காலியைப் பார்த்தது. "நீ சொல்லு. நீதானே நடுவர்."

பொன்காலி மீனைப் பார்த்தாள். குட்டியையும் பார்த்தாள். "இன்னிக்கு உங்க நாள்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அந்தக் குட்டி வயிறு நிறையத் தின்றது.

அவள் மேட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் கருமார்பனிடம் சொன்னாள்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"கூட்டத்தக் கூட்டி, தப்பு என்னோடதுன்னு சொல்லப் போறேன். முறைய மாத்தி வைக்கப் போறேன்."

"சொல்லு. பத்து நாள் கழிச்சு சொல்லு" என்றான் கருமார்பன். "குஞ்சு வெளிய வந்து ஓட ஆரம்பிச்சுடும். அப்புறம் யாரு கோவிச்சுக்கிட்டா நமக்கு என்ன? இப்ப மாத்தினா நீர்நாய்க்காரங்களுக்கு நாள் குறையும். காவலுக்கு வருவாங்களா? அக்கரையில அந்த உடும்பு மூணு நாளா படுத்துக் கெடக்கு. நீயும் பாத்துட்டுத்தானே இருக்க?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஆனா பதினஞ்சாம் நாள் மேல மீன் போய்ச் சேருது. அதுக்குள்ள சொன்னாத்தான் அந்தப் பூனைங்க இந்த வருஷம் திங்க முடியும்."

"ஆறு வருஷம் சும்மா இருந்தாங்க. இன்னொரு வருஷம் இருக்க மாட்டாங்களா? நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"இத்தன நாளும் தெரியாம செஞ்சேன்" என்றாள் பொன்காலி. "இனிமே பேசாம இருந்தா தெரிஞ்சு செஞ்சதா ஆயிடும்."

கருமார்பனுக்கு அதற்கு மேல் வாதாட மனமில்லை. முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தான். அவனுக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் நண்பகலில் இரண்டு கட்சியும் மேட்டின் இரு கரைகளிலும் கூடின. பொன்காலி ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். ஆறு வருஷமும் தன் கணக்கு தப்பு என்றாள். பிறகு புதிய முறையைச் சொன்னாள்.

"இனிமே இந்த மேட்டத் தாண்டுற நாள வச்சுத்தான் கணக்கு. அடுத்த வருஷத்துலருந்து முதல் அஞ்சு நாள் தாண்டுற மீன் கீழாத்துக்கு. அடுத்த அஞ்சு நாள் தாண்டுற மீன் மேலாத்துக்கு. அது தலைமடுவுக்குப் போய்ச் சேர ஏழு நாள் ஆகும், அங்க போய்ச் சேர்ற அன்னிக்குப் பிடிக்கலாம். கடைசி நாலு நாள் தாண்டுற மீன யாரும் தொடக்கூடாது."

"அந்த நாலு நாள் யாருக்கு?" என்றான் தடிவாலன்.

"கெண்டைக்கு."

"மீனுக்கே மீனா?" என்று ஒரு நீர்நாய் கேட்டது. எல்லா நீர்நாய்களும் சிரித்தன. பூனைகளிலும் சில சிரித்தன. ஆறு வருஷத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

"இந்த வருஷம்?" என்றது புள்ளிச்சி.

"இந்த வருஷம் அவங்க ஏழு நாள் தின்னு முடிச்சாச்சு. பதினஞ்சாம் நாள்லருந்து நாலு நாள் உங்களுக்கு. அதுக்கப்புறம் வர்ற மூணு நாள் கெண்டைக்கு."

"அவங்களுக்கு ஏழு, எங்களுக்கு நாலா?"

"அநியாயம்தான்."

"அப்ப ஆறு வருஷமா நாங்க பட்டினி கெடந்தது?"

"அதுவும் அநியாயம்தான். திருப்பிக் குடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல, புள்ளிச்சி."

தடிவாலன் முன்னால் வந்தான். "நாங்க ஒரு நாளாவது முறை மீறினோமா?"

"இல்ல."

"ஒரு மீனாவது கூட எடுத்தோமா?"

"இல்ல."

"அப்புறம் எங்க ஏழு ஏன் அஞ்சாச்சு?"

"தப்பு என்னோடதுதான், தடிவாலா. ஆனா தின்னது நீங்க."

"பூனை வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்தா. பூனைப் பேச்சு பேசுறா" என்றான் தடிவாலன் தன் கூட்டத்தைப் பார்த்து. பிறகு பெருமூச்சு விட்டான். அவனுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. "சரி, மறுபடியும் அடிச்சுக்க எங்களுக்குத் தெம்பில்ல. முறைய ஏத்துக்குறோம். ஆனா எங்க நாளு கொறைஞ்சா எங்க வேலையும் கொறையும். இன்னியோட மேட்டுக் காவல் எங்க பொறுப்பு இல்ல."

பொன்காலி எதிர்க்கரையைப் பார்த்தாள். புள்ளிச்சி தலையைக் குனிந்துகொண்டது. "எங்களுக்கு நாலே நாள்தான் இருக்கு, ஆள்காட்டியம்மா. எல்லாரும் மேல இருந்தாத்தான் பிடிக்க முடியும். இங்க காவலுக்கு யார நிறுத்துவேன்?"

அது பொய்யும் அல்ல. கூட்டம் கலைந்தது. கருமார்பன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பொன்காலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினைந்தாம் நாள் பொன்காலி இரண்டு கூவல் கூவினாள். அன்று தலைமடுவில் பூனைகள் வயிறு புடைக்கத் தின்றன என்று மைனாக்கள் வந்து சொல்லின. பதினாறாம் நாளும் தின்றன. பதினேழாம் நாளும் தின்றன. இங்கே மேட்டில் பொன்காலியும் கருமார்பனும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். ஒருவர் இரை தேடப் போனால் மற்றவர் அசையவில்லை. இருவரும் சரியாகத் தூங்கவில்லை.

பதினெட்டாம் நாள் நடுப்பகலில் உடும்பு ஆற்றில் இறங்கி நீந்தி வந்தது. அவசரப்படவில்லை. கருமார்பன் ஒரு சிறகை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு அதன் எதிரே தத்தினான். காயம்பட்ட பறவை என்று நினைத்து அது தன் பின்னால் வரட்டும் என்பது ஆள்காட்டிகளின் பழைய தந்திரம். அந்த உடும்புக்கு வயது அதிகம். அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்காலி அதன் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தினாள். அந்தச் சத்தம் பாறைத்துறைவரை கேட்டது. நீர்நாய்கள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

கண்ணில் கொத்து விழுந்த பிறகுதான் உடும்பு திரும்பிப் போனது. அதற்குள் இரண்டு முட்டை போய்விட்டது.

சாயங்காலம் தடிவாலன் மேட்டோரமாக நீந்தி வந்தான். ஓடுகள் கிடந்த இடத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நாங்க இருந்திருந்தா இது நடந்திருக்காது."

"ஆமா" என்றாள் பொன்காலி.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. மனசு கேக்கல. மிச்சம் ரெண்டு இருக்கே, பொரிக்க எத்தன நாள்?"

"ரெண்டு நாள்."

"அந்த மீன் பங்கு பைத்தியக்காரத்தனம்னு சொல்லிடு. அடுத்த வருஷம் எங்களுக்குப் பழையபடி ஏழு. நாளைக்கு விடியக்காலம் மேல பூனைங்களுக்கே மறுபடி ரெண்டு கூவல் கூவிடு, அவங்களும் சந்தோஷமா தின்னட்டும். எல்லாருக்கும் நல்லது. இப்பவே நாலு பேரக் காவலுக்கு அனுப்புறேன்."

எல்லாருக்கும் நல்லது என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. நீர்நாய்களுக்கு நல்லது. பூனைகளுக்கு நல்லது. அந்த இரண்டு முட்டைகளுக்கும் நல்லது. பேசத் தெரிந்த ஒரே ஒரு கெண்டையைப் பூனைக்குட்டி தின்றுவிட்டது. இனி மறுப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"விடியட்டும்" என்றாள் பொன்காலி. அவளுக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் விடிந்தது. தடிவாலன் பாறைமேல் காத்திருந்தான். கருமார்பன் முட்டைகளின்மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தான். பொன்காலி கல்லின்மேல் ஏறினாள். ஒரு கூவல் கூவினாள். இரண்டாம் கூவல் கூவினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் மூன்றாவதாகவும் ஒரு கூவல் கூவினாள். யாருக்கும் இல்லை என்று அதற்குப் பொருள்.

மைனாக்கள் அதை வாங்கி மேலே கடத்தின. தலைமடுவில் பூனைகள் முணுமுணுத்துக்கொண்டே கரையேறின. தடிவாலன் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டான். காவலுக்கு யாரும் வரவில்லை.

"கூவிட்டியா?" என்றான் கருமார்பன்.

"கூவிட்டேன்."

"சரி, இங்க வந்து உக்காரு. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்" என்று எழுந்து உடும்பு வருகிற திசையில் போய் நின்றான்.

இருபதாம் நாள் காலையில் ஒரு குஞ்சு வெளியே வந்தது. சாயங்காலம் இன்னொன்று வந்தது. இறகு காய்ந்ததும் இரண்டும் கூழாங்கற்களுக்கு நடுவில் ஓடின. நாலுக்கு இரண்டு. பொன்காலி அவற்றை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் நாலு வரை எண்ணப் போய் நிறுத்திக்கொள்வாள்.

அடுத்த வருஷம் ஐந்து, ஐந்து, நாலு என்று முறை நடந்தது. இரண்டு கட்சியும் திட்டிக்கொண்டே கடைப்பிடித்தன. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் ஆடியில் புதுவெள்ளத்தோடு கெண்டைகள் ஏறியபோது ஆறு தெரியவில்லை, மீன்தான் தெரிந்தது. முன்பு ஏழு நாளில் தின்றதைவிட அதிகமாக நீர்நாய்கள் ஐந்து நாளில் தின்றன. நல்ல மழை என்று தடிவாலன் சொன்னான். பூனைகள் மலைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. புள்ளிச்சி அந்த வருஷம் போட்ட மூன்று குட்டியும் பிழைத்தன. நாங்கள் பொறுமையாக இருந்தோம், அதனால் கிடைத்தது என்றது புள்ளிச்சி. பொன்காலியின் பேரை யாரும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் பதினோராம் நாள், அன்று மேட்டைத் தாண்டும் மீனுக்காக அவள் மூன்று கூவல் கூவினாள். கெண்டைகள் மேட்டை உரசிக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் தாண்டின. அவையாவது அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லினவா என்றால், இல்லை. அவற்றுக்கு இன்னும் ஏழு நாள் பயணம் இருந்தது.

பங்கு பிரிக்க உட்காருபவர், கேட்டு வாங்க வாயில்லாதவரின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்கு யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் வைக்க வேண்டும்.